சேஃப்டி ஆபீசர் வீட்டுப் படி

எனக்குப் பொறாமை அதிகம். ஒளித்து மறைக்க இதில் ஒன்றுமில்லை. யார் மேல் பொறாமை என்று என் தங்கை ஒருமுறை கேட்டாள். ஒரு ஃபேக்டரி மேல் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கட்டும். புருஷன் இன்னொருத்தி வீட்டுக்குப் போனால் ஊரே நமக்காகப் பரிந்து பேசும். ஃபேக்டரியே கதி என்று கிடந்தால், சம்பளம் வருதில்ல, உனக்கு இன்னா குறைச்சல் என்று நம் வாயைத்தான் அடைக்கும்.

என் வீட்டுக்காரர் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் சேஃப்டி ஆபீசர். விடிவதற்கு முன்னால் எங்கள் ஊரில் மாரிகுப்பம் ரயிலைப் பிடித்தால் இருட்டிய பிறகுதான் வீடு. அங்கே யாருக்கும் கை கால் போகாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. தரையில் எண்ணெய் சிந்தியிருந்தாலும் வயர் பிய்ந்திருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. உடனே அதில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டித் தொங்க விடுவார். டேக் என்பார்கள். டேக் தொங்கினால் மேனேஜரே வந்தாலும் அதைத் தொடக்கூடாது. ஆள் வந்து சரிசெய்த பிறகுதான் கழற்றுவார்கள். அதுவும் அந்த ஷிஃப்ட் முடிவதற்குள் நடந்துவிடும் என்று அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

எங்கள் வீடு மைசூர் மைன்ஸ் பக்கத்தில் பழைய லைன் வீடு. மாமனார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த காலத்தில் கொடுத்தது. முன்னால் ஓர் அறை, நடுவில் சமையல், பின்கதவைத் திறந்து மூன்று கல் படி இறங்கினால் பாத்ரூம். அந்த மூன்றில் நடுக்கல் ஆடும். என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கும்போது முதன்முதலாக அவரிடம் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து குந்திப் பார்த்தார். கட்டைவிரலால் கல்லை அழுத்தினார். "ஆமா, இது அன்சேஃப்" என்றார். உள்ளே போனார். அப்பாடா, கரணையும் சிமெண்டும் வரப்போகிறது என்று நானும் முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றேன். சிவப்பு டேக்கோடு வந்தார். சுவரில் ஆணி அடித்து அதை மாட்டிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, காபி கேட்டார்.

அவ்வளவுதான். அவரைப் பொறுத்தவரை அந்த வேலை முடிந்துவிட்டது. வெயிலிலும் மழையிலும் அந்த டேக் வெளுத்து ரோஸ் நிறமாகப் போனது. ஒருநாள் அதைக் கவனித்தார். மறுநாளே ஃபேக்டரியிலிருந்து புதுசு கொண்டுவந்து மாட்டினார். மாட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாரே ஒரு பார்வை! தாலி கட்டிய அன்றுகூட அவர் முகத்தில் அத்தனை திருப்தியை நான் பார்க்கவில்லை.

அப்புறம் ஹீட்டர் சுவிட்சுக்கு ஒரு டேக், மிக்ஸி வயருக்கு ஒரு டேக், பின்கதவுத் தாழ்ப்பாளுக்கு ஒரு டேக். வீட்டுக்கு வருகிறவர்கள், "இன்னாக்கா, எல்லாத்தையும் ஏலம் வுடப் போறீங்களா?" என்று கேட்பார்கள். மிக்ஸியை நான் டேக்கோடுதான் ஓட்டினேன். சட்னிக்கு வேறு வழி?

நானே கொத்தனாரைக் கூப்பிடவில்லையா என்று கேட்பீர்கள். கூப்பிட்டேன். ராபர்ட்சன்பேட்டையிலிருந்து ஆள் வந்து, கல்லைப் பெயர்க்கக் கடப்பாரையைப் போடும் நேரத்தில் இவர் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்து தொலைத்தார். "இவனுங்களுக்கு இன்னா தெரியும்? சிமெண்டை அப்பிட்டுப் போய்கினே இருப்பானுங்க. ஸ்லோப் வேணும், கிரிப் வேணும். வுடு, நானே முறையா பண்றேன்" என்று அந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார். முறையாகச் செய்கிறவருக்கு முகூர்த்தம் மட்டும் வரவேயில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் தூங்குவார். பாவம், ஆறு நாள் ரயிலில் இடிபட்டவர் என்று நானும் போர்வையை இழுத்துவிடுவேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒருமுறை ஃபேக்டரியில் குடும்பத்தாரை எல்லாம் வரச் சொல்லி விழா வைத்தார்கள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். அங்கே மாடிப்படி ஒன்றைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கைப்பிடி. ஒவ்வொரு படியின் ஓரத்திலும் மஞ்சள் பட்டை. வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பாக ஏதோ ஒட்டியிருந்தார்கள். பெண்கள் கை கழுவும் இடத்தில்கூடத் தரை காய்ந்து கிடந்தது. ஒரு சின்னப் பெண் செல்போனைப் பார்த்துக்கொண்டே படியில் இறங்கினாள். இவர் ஓடிப்போய், "கைப்பிடியைப் புடிச்சிகினு இறங்கும்மா, கண்ணு, அவசரம் இன்னா?" என்றார். கண்ணு! எனக்கு அவர் சொல்வது "பாத்துப் போ" என்ற இரண்டு வார்த்தை. அதுவும் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

அங்கே வேலை செய்கிற பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "அக்கா, சார் இருக்கிறதால எங்களுக்குப் பயமே இல்ல. நீங்க குடுத்து வெச்சவங்க" என்றார்கள். நான் பல்லைக் காட்டிச் சிரித்தேன். அந்த மாடிப்படியைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போகலாமா என்று மட்டும் தோன்றியது. மனுஷிமேல் பொறாமைப்பட்டவர்கள் இருப்பார்கள். மாடிப்படிமேல் பொறாமைப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இதெல்லாம் பழகிப்போன விஷயம். என் மகளுக்கு ஏழாம் மாசம் வந்தபோதுதான் பழக்கம் ஆகாத ஒன்று வந்தது. அவளைக் கட்டிக்கொடுத்தது பெங்களூரில். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் வழக்கம். வளைகாப்பு மாமியார் வீட்டில் முடிந்ததும் அவளை அழைத்து வந்துவிடலாம் என்று நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். மெத்தை தைக்கப் போட்டேன். முன்னறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். போனில் அவள்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அம்மா, ப்ளீஸ், கோச்சுக்காத. ராத்திரி நாலு வாட்டி பாத்ரூம் போறேன். அந்தப் படியில நான் எப்டிம்மா இறங்குவேன்? ஸ்லிப் ஆச்சுன்னா?"

அன்று அவர் வந்ததும் செருப்பைக் கழற்றவிடாமல் பிடித்துக்கொண்டேன். "இன்னாங்க, பொண்ணு வர மாட்டேன்றா. வளைகாப்புக்குள்ள அந்தப் படி சரியாகணும். இல்லன்னா பாத்துக்கோங்க" என்றேன். மகள் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. "பண்ணிடலாம்" என்றார். நம்பினேன். அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு பையில் டிரில்லிங் மெஷினையும் சாமான்களையும் எடுத்துக்கொண்டு, "பெங்களூர்ல ஒரு வேலை" என்று கிளம்பினார். ஃபேக்டரிதான் என்று நினைத்து அவளை, அதாவது ஃபேக்டரியை, மனதாரச் சபித்தேன். வளைகாப்பு நாளும் வந்தது. எங்கள் வீட்டுக் கல் ஆடிக்கொண்டுதான் இருந்தது. எப்படியாவது கெஞ்சி அழைத்து வந்துவிட வேண்டும், பின்பக்கம் நானே கையைப் பிடித்துக் கூட்டிப்போகலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு ரயில் ஏறினேன்.

வளையல் அடுக்கி, சாப்பாடு முடிந்து, கூட்டம் கலைந்தது. நாங்கள் இரண்டு பேரும், மகளும் மருமகனும், சம்பந்தி அம்மாவும்தான் மிச்சம். முகம் கழுவலாம் என்று அவர்கள் வீட்டுப் பாத்ரூமுக்குப் போனேன்.

வாசலில் தாழ்வாக ஒரு புதுப் படி. ஓரத்தில் மஞ்சள் பட்டை. உள்ளே போனால் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு பளபளக்கும் கம்பி, உட்கார்ந்து எழுந்திருக்க இன்னொன்று. தரையில் வழுக்காத விரிப்பு. சுவிட்ச் வெளியே மாறியிருந்தது. யார் கை வேலை என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் வெளியே வந்ததும் சம்பந்தி அம்மா சொன்னார்கள்: "பாத்தீங்களா சம்பந்தி? ரெண்டு ஞாயித்துக்கிழமை வந்து உங்க வூட்டுக்காரரே செஞ்சி குடுத்தாரு. சாப்பிடக்கூட வரல. இந்த மாதிரி ஒரு மனுஷன் கெடைக்கணுமே!"

சம்பந்தி அம்மாமேல் பொறாமை வந்தது. அது போகட்டும். கால் நீட்டி உட்கார்ந்து வளையலைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்த என் மகளைப் பார்த்தேன். அவளுக்கு ஒரே ஒரு தடவை பயம் வந்தது, இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் கம்பி வந்தது. நான் பெற்ற பிள்ளைமேல், அதுவும் வயிற்றுப்பிள்ளைக்காரிமேல், எனக்குப் பொறாமை வந்தது. எழுதவே கூசுகிறது. ஆனால் வந்தது.

"நம்ம வீட்ல ஏன் செய்யல?" என்று எல்லார் எதிரிலும் கேட்டேன்.

அவர் சங்கடமாகச் சிரித்தார். சம்பந்தி அம்மாவைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "இவளுக்கு அந்தப் படி அத்துப்படிங்க. இத்தினி வருஷத்துல ஒரு வாட்டிகூட விழுந்தது கெடையாது."

"விழுந்தேன்" என்றேன்.

மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எப்போம்மா?"

"நீ காலேஜ் சேர்ந்த வருஷம். கையில மாவுக்கட்டு போட்டிருந்தேனே, ஆட்டோல இடிச்சிகிச்சுன்னு சொன்னேனே, அது. சேஃப்டி ஆபீசர் பொண்டாட்டி சொந்த வீட்டுப் படியில விழுந்தான்னு ரயில்ல நாலு பேர் பேசினா இவருக்குத்தான அசிங்கம்?"

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார். அவர் குரல் மாறியது. அந்தக் குரலை ஃபேக்டரி விழாவில், அந்தச் சின்னப் பெண்ணிடம் பேசியபோது கேட்டிருக்கிறேன்.

"எத்தினி மணிக்கு?"

"காலையில பத்து, பத்தரை."

"படி ஈரமா இருந்துச்சா?"

"ஆமா."

"கையில இன்னா வெச்சிருந்தே?"

"தொவைச்ச துணி. பக்கெட்டு."

"எந்தப் பக்கமா சாஞ்சே?"

விபத்து நடந்தால் இப்படித்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விசாரிப்பாராம். அந்த ஃபேக்டரிப் பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் எனக்கு அது இனித்தது. என்னை இவ்வளவு அக்கறையாக அவர் ஒரு கேள்வி கேட்டு எத்தனை வருஷம்! மளமளவென்று பதில் சொல்லிக்கொண்டே போனேன்.

"ஏன் எனக்குச் சொல்லல?" என்றார்.

"சொல்லத்தான் போன் பண்ணேன். படியிலயே குந்திகினு பண்ணேன். ஒரு பொண்ணுக்கு மெஷின்ல விரல் மாட்டிகிச்சு, ஆஸ்பத்திரிக்குப் போய்கினு இருக்கேன், அப்பால பேசறேன்னு வெச்சிட்டீங்க. வீட்டுக்கு வந்தும் அவ கதையைத்தான் சொன்னீங்க. கட்டு போட்ட கையை மடியில வெச்சிகினு கேட்டேன். அப்பாலதான் ஆட்டோன்னு சொல்லி வுட்டுட்டேன்."

அவர் கண்ணில் பளிச்சென்று ஞாபகம் வந்தது. "ஆமா ஆமா, அந்தப் பொண்ணு. வலது கை, மோதிர விரல். மூணு தையல். பாவம், கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்துச்சு" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "சரி, உனக்கு எந்தக் கை?"

ஆறு வாரம் கட்டோடு இருந்தேன். அந்தக் கையோடுதான் அவருக்கு டிபன் பாக்ஸ் கட்டினேன். நான் இரண்டு கையையும் அவர் முன்னால் நீட்டினேன். "நீங்களே சொல்லுங்க."

பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். வலது கையைத் தொட்டார்.

என் மகள் மெதுவாக எழுந்து வந்து, என் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, நீ இங்கயே இரு. குழந்தை பொறக்கிற வரைக்கும் எங்கயும் போவாத" என்றாள். "எத்தினி நாள் வேணா இருங்க சம்பந்தி" என்று சம்பந்தி அம்மாவும் சொன்னார்கள்.

மகளை அழைத்து வரத்தான் நான் போனேன். அன்று சாயங்கால ரயிலில் அவர் மட்டும் ஊருக்குத் திரும்பினார்.