நான்கு மூலைகள், இரண்டு ஆம்புலன்ஸ்கள்

நானே பார்த்தவற்றையும், பார்த்தவரிடம் இருமுறை கேட்டு உறுதிசெய்தவற்றையும் மட்டுமே இந்த வாரம் எழுதுகிறேன். காரணம் உண்டு. தேரோட்டம் முடிந்த மூன்று நாள்களுக்குள் என் மனைவி இருமுறை இறந்துவிட்டாள் — வாட்ஸ்அப்பில்.

எங்கள் ஊர்க் கோயிலைச் சுற்றி நான்கு ரத வீதிகள், நான்கு மூலைகள். ஆம்புலன்ஸ்கள் இரண்டு. அவற்றை எதிரெதிர் மூலைகளில் நிறுத்தினால் போதும்; எந்த மூலையில் யார் விழுந்தாலும், வண்டி அங்கேயே இருக்கும் அல்லது ஒரு வீதித் தொலைவில் இருக்கும். ஒரே வீதியின் இரு முனைகளிலும் மட்டும் நிறுத்தலாகாது. கூட்டம் வெளியேற வழியிராது.

திட்டம், பக்கத்து வீட்டுச் செல்வியுடையது. கல்லூரியில் கணிதம் கற்பிப்பவர். இத்தகைய அமைப்புகளே அவரது ஆய்வு.

தேரோட்டத்தன்று தேர் தெற்கு வீதியில் பாதி வந்துவிட்டது. ஓர் ஆம்புலன்ஸ் வடகிழக்கு மூலையில்; தென்மேற்கு மூலையில் நிற்கும் மற்றது விலகினால்தான் தேர் திரும்பும்.

“டீச்சர், நான் எங்கன போவணும்?” என்றார் அதன் ஓட்டுநர் அந்தோணி.

செல்வி துண்டுச்சீட்டில் இரண்டு புள்ளிகள் வைத்தார். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சரியான அமைப்பு, அதாவது ஒரு ஜோடி எதிரெதிர் மூலைகள். ஒரே ஒரு வண்டியை நகர்த்தி ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக முடிந்தால் நடுவே கோடு.

“கோடே இல்ல மாமா. எந்த வண்டிய முதல்ல நகட்டுனாலும் ஒரு தெரு ரெண்டு பக்கமும் அடைபடுது.”

“ரெண்டையும் ஒண்ணா நகட்டுனா?” என்றேன்.

“ரெண்டும் ஓடுத நேரத்துல யாராவது விழுந்தா?”

என் மனைவி அப்போது வடம் பிடித்துக்கொண்டிருந்தாள். இதய நோய்க்கு மருந்து உண்பவள். மருத்துவர் நடக்கச் சொன்னார். தேர் இழுக்கச் சொல்லவில்லை.

வடக்கு வீதியின் நடுவே ஒரு சந்து உண்டு. அதன் வாயில் கரும்புச்சாறு வண்டி. செல்வி கைபேசியில் சாறு விற்பவரிடம் கத்தினார்: “அண்ணாச்சி, வண்டிய எடுங்க!”

“ஏளா செல்வி, சந்துக்குள்ள தேரா வரப் போகுது?”

முனகிக்கொண்டே எடுத்தார். சந்துவாய் ஐந்தாவது மூலை ஆயிற்று. வடக்கு வீதியின் இரு முனைகளிலும் வண்டி நின்றாலும் இனி வெளியேற வழி உண்டு. சரியான அமைப்புகளும் இப்போது ஐந்து: சீட்டில் ஐந்து புள்ளிகள், வளையமாய்க் கோடுகள். முதலில் அந்தோணி வடமேற்குக்கு. அடுத்து வடகிழக்கு வண்டி தென்கிழக்குக்கு. இரண்டே அடி.

முதல் அடி முடிந்தது. வண்டி விலகிய அதே மூலையில் என் மனைவி வடத்தை விட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

“ஒண்ணுமில்ல... மூச்சுதான்...”

திரும்பிப் பார்த்தேன். ஆம்புலன்ஸ் நின்ற இடம் காலி.

ஆனால் அந்தோணி ஒரு வீதித் தொலைவில்தான் இருந்தார். வந்தார். எத்தனை நிமிடத்தில்? கடிகாரம் பார்க்கவில்லை, ஆகவே எழுதமாட்டேன்.

“பாதியில விட்டுட்டனே... நீங்களாவது பிடிச்சிருக்கலாம்லா?” என்றாள், வண்டிக்குள்.

புறப்பட்ட இடமும் சரி, சேரும் இடமும் சரி. இடையில் வைக்கும் அடியும் சரியாகவே இருக்கும் என்று நமக்கு யார் சொன்னது?

அவள் உயிரோடு இருக்கிறாள். மருத்துவமனையில் இட்லி சரியில்லை என்கிறாள். இவை உறுதி. இதயப் பரிசோதனையின் முடிவு நாளை வரும். அது என்ன சொல்லும்? எனக்குத் தெரியாது.