சூரியனுக்குக் கை தூக்கியவர்கள்

அந்தக் கட்டடத்தில் எல்லாரும் அவரைப் பாஸ்போர்ட்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு எதிரே ஸ்டூடியோ வைத்திருந்தார். காலையிலிருந்து வெள்ளைத் துணிக்கு முன்னால் ஆட்கள் வந்து உட்கார்ந்துகொண்டே இருப்பார்கள். அவர்களைச் சிரிக்கவிடாமல் பார்த்துக்கொள்வது இவர் வேலை. யாராவது பல்லைக் காட்டினால், "வீட்டுக்குப் போய் சிரிச்சுக்கலாம்" என்பார்.

அவருடைய ஒரே பயம் படத்தில் மணல் தட்டுவது. வெளிச்சம் போதாமல் வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் கெயினைக் கேமராவில் ஏற்றினால் படம் பளிச்சென்று வரும், கூடவே பொடிப்பொடியாகப் புள்ளிகளும் வரும். தொழிலுக்கு வந்த புதிதில் அப்படி வந்த ஒரு படத்தைக் கவுண்டரில் இருந்தவர் நகத்தால் சுரண்டிப் பார்த்து, "இவருக்கு அம்மை போட்டிருக்கா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து எந்தக் கேமராவைத் தொட்டாலும் கெயின் பூஜ்யம்தான். வெளிச்சம் வேண்டுமானால் ஷட்டரை மெதுவாக்குவார். படத்துக்கு உட்கார்ந்தவர் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஐம்பதைத் தாண்டிய பிறகு இவருக்குச் சூரியனைப் பிடிக்கும் ஆசை வந்தது. தொலைநோக்கி வாங்கி, அதன் வாயில் வெளிச்சத்தைக் கொல்லும் வடிதாளைக் கட்டி, பின்பக்கம் ஒரு சின்னக் கேமராவைச் செருகி, மொட்டைமாடிக்குக் கொண்டுபோனார். சூரியனை நுணுக்கமாக எடுக்க ஒற்றைப் படம் போதாது, வீடியோ வேண்டும். நடுவில் இருக்கிற காற்று கொதிக்கிற தண்ணீர்போல ஆடிக்கொண்டே இருக்கும். ஆயிரக்கணக்கான பிரேம்களில் எப்போதோ சிலதில்தான் அது சும்மா இருக்கும். அந்தச் சிலதை மட்டும் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கணினி ஒரே படமாக்கித் தரும். கண் மூடிய படங்களைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திறந்திருக்கும் ஒன்றைத் தேடுகிறவருக்கு இந்த வேலை கையோடு பழகியதுதான். ஆனால் பொறுக்குவதற்கு நல்லதாக ஒன்றுகூட வரவில்லை. எல்லாப் பிரேமும் கலங்கலாக, தூங்கி எழுந்த முகம்போல இருந்தது.

வெயிலில் மடிக்கணினித் திரை தெரியாது. அதனால் அதே கட்டடத்தில் குடியிருந்து பிரிட்ஜ் கடை வைத்திருக்கும் மச்சானிடம் ஒரு பெரிய அட்டைப்பெட்டி வாங்கி, அதற்குள் தலையையும் கணினியையும் நுழைத்துக்கொண்டார். துணி காயப்போட வந்தவர்கள் கண்டது பெட்டியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களை. பெட்டி வேறு, "அசையாதீங்க, ஒரு நிமிஷம், அசையாதீங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் கட்டடச் சங்கம் மாடிச் சாவியை வாங்கிக்கொண்டது.

சாவி போன நேரம்தான் மோசம். சூரியனின் முகத்தில் பெரிய கரும்புள்ளிக் கூட்டம் ஒன்று வந்திருந்தது. நம் பூமியைத் தூக்கி உள்ளே போட்டால் காணாமல் போகும் அளவு. சூரியன் சுற்றச் சுற்ற அதுவும் நகர்ந்து, இன்னும் சில நாளில் ஓரத்தைத் தாண்டி மறைந்துவிடும். தினமும் காலையில் எடுத்துக் கோத்தால் அந்தப் பயணம் முழுவதும் கிடைக்கும். ஒரு நாள் விட்டாலும் போச்சு. திரும்பி வந்தாலும் இதே முகத்தோடு வருமா என்பது யாருக்கும் தெரியாது.

"சாவியக் குடுங்கன்னு போய்க் கேளுங்களேன்" என்றாள் மனைவி. "என்கிட்ட மட்டும்தான் வாய் இருக்கு உங்களுக்கு."

போய்க் கேட்டார். சங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற தணிக்கையாளர். எதையும் ஓட்டுக்கு விடாமல் அவருக்குச் சோறு இறங்காது.

"அப்படி என்னதான் எடுக்கறீங்கன்னு கமிட்டிக்குக் காட்டுங்க. பிடிச்சா சாவி, பிடிக்கலன்னா இல்ல."

மறுநாள் காலை செயலாளர் மாடிக் கதவைத் திறந்துவிட, தொலைநோக்கியை வெளியே நிறுத்தி வயரை உள்ளே இழுத்தார். மச்சான் கடையிலிருந்து ஒரு டிவியைச் சுமந்து வந்து மாடிப்படியின் கடைசித் திருப்பத்தில் வைத்தான். கமிட்டி படிகளில் வரிசையாக உட்கார்ந்தது. திரையில் சாம்பல் நிறத் தட்டு ஒன்று நெளிந்துகொண்டிருந்தது, ஒரு பக்கம் கறுப்பாக அழுக்கு.

"இதுவா?" என்றார் செயலாளர்.

"இதுதான் சார்."

"மஞ்சள் எங்க?"

"கறுப்பு வெள்ளை கேமராலதான் துல்லியமா வரும் சார்."

கீழ்த்தளத்தில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை நெருங்கினார். "சொத்தை. ரெண்டு இடத்துல நல்லா ஆழமா இறங்கியிருக்கு. எவ்வளவு நாளா இருக்கு?"

"ஒரு வாரமா டாக்டர்."

"உடனே வந்திருக்கணும்."

பிரச்சினை வெளிச்சத்தில்தான் வெடித்தது. வடக்குப் பார்த்த வீட்டுக்காரர்கள் படம் இருட்டாக இருக்கிறது, ஏற்றுங்கள் என்றார்கள். கிழக்குப் பார்த்த வீட்டுக்காரர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. விடிந்ததும் அவர்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு மத்தியானம்வரை நகராத சூரியன் அது. டிவியிலுமா அதன் தொல்லை, குறையுங்கள் என்றார்கள்.

"உங்களுக்கென்ன, வருஷம் பூரா அனுபவிக்கறீங்க. எங்க வீட்ல துணி காய ரெண்டு நாள் ஆகுது. டிவிலயாவது கொஞ்சம் வெயில் பாத்துக்கறோம்."

"அப்ப வீட்ட மாத்திக்கலாம், வாங்க."

செயலாளர் ஓட்டுக்கு விட்டார். சரிக்குச் சரி. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வெளிச்சத்த மாத்தறதுக்கு அதுல எத்தன திருகு இருக்கு?" என்று கேட்டார்.

"ரெண்டு சார். ஷட்டர் ஒண்ணு, கெயின் ஒண்ணு. ஆனா கெயினத் தொடக் கூடாது..."

"ஆளுக்கு ஒண்ணு. வடக்குக்காரங்களுக்காகக் கெயின ஏத்துங்க. கிழக்குக்காரங்களுக்காக ஷட்டரக் குறைங்க. யாருக்கும் மனத்தாங்கல் வேணாம்."

"சார், மணல் தட்டும்."

"தட்டட்டும். தீர்மானம் போட்டாச்சு."

பாஸ்போர்ட்காரர் கணினியை இழுத்துக்கொண்டார். இத்தனை வருடம் தொடாத கெயினை ஏற்றினார். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தார். திரை முழுவதும் மணல். கவுண்டர்காரரின் நகம் சுரண்டுவது அவர் காதில் கேட்டது. கமிட்டிக்கோ மகா திருப்தி. இரண்டு கட்சியும் ஜெயித்திருந்தது. சாவி கைக்கு வந்தது. கூடவே ஒரு நிபந்தனை: கமிட்டியைக் கேட்காமல் எந்தத் திருகையும் தொடக் கூடாது; தொட வேண்டுமானால் கட்டடத்துக்காரர் ஐந்து பேராவது கை தூக்க வேண்டும்.

"சூரியன் பொதுச் சொத்து" என்றார் செயலாளர்.

அழாத குறையாக அந்த வீடியோவைக் கணினிக்குக் கொடுத்துவிட்டு ஸ்டூடியோவுக்குப் போனார். சாயங்காலம் வந்து பார்த்தவர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"ஏங்க, நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?" என்றாள் மனைவி.

"இங்க பாரேன்."

மணல் போன இடம் தெரியவில்லை. நூற்றுக்கணக்கான பிரேம்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததில் அது தன்னால் அடங்கியிருந்தது. ஷட்டர் வேகமாக மூடியதால் காற்றுக்கு ஆட நேரம் கிடைக்கவில்லை. கரும்புள்ளியைச் சுற்றிச் சன்னமான இழைகள், கண் இமை மயிர்போல, ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றன. மெதுவான ஷட்டரைப் பிடித்துக்கொண்டு, மூச்சைப் பிடிக்கத் தெரியாத சூரியனை இவ்வளவு காலம் அவரேதான் கலக்கிக்கொண்டிருந்தார்.

"கமிட்டிக்காரங்க இது தெரிஞ்சேவா சொன்னாங்க?" என்றாள் மனைவி.

"அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அதான் சரியா வந்திருக்கு."

அடுத்தடுத்த காலைகள் அதே அளவில் ஓடின. கடைசிக் காலை வந்தது. புள்ளிக்கூட்டம் சூரியனின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு நின்றது. இன்றைக்கு விட்டால் இல்லை. பார்த்து வந்ததுபோல மெல்லிய மேகம் ஒன்று குறுக்கே வந்து நின்றது. படம் இருண்டது. கெயினை ஒரு சிட்டிகை ஏற்றினால் போதும்.

கை திருகுவரை போய்த் திரும்பி வந்தது. விதி என்று எழுதிவிட்டால் அவரால் தாண்ட முடியாது. காது தெரியாத படத்தை ஒரு நாளும் அவர் கவுண்டருக்கு அனுப்பியதில்லை.

"ஏத்தித் தொலைங்களேன். கேட்டா நான் கை தூக்கினேன்னு சொல்றேன்" என்றாள் மனைவி.

"ஒத்தக் கை போதாதுடி. அஞ்சு கை வேணும்."

மச்சானைப் போனில் பிடித்தார். "தூக்கிட்டேன் அத்தான்" என்றான் அவன்.

"எப்படி நம்பறது?"

"கஸ்டமர் முன்னாடி ஒரு கையத் தூக்கிட்டு நிக்கறேன். அந்தாளு என்னமோ போல பாக்கறாரு. சீக்கிரம்."

அவர் மாடிக் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்துக் கத்தினார். கீழே கிளினிக் ஜன்னலில் டாக்டரம்மாவின் கையுறை போட்ட கை எழுந்தது. பக்கத்திலேயே இன்னொரு கையும் எழுந்தது. நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடந்த நோயாளியின் கை.

"அவர் கணக்குல வருவாரா டாக்டர்?"

"ரெண்டாவது மாடிக்காரர்தான். தாராளமா வருவார்."

நாலு ஆயிற்று. மனைவி கீழே ஓடிப்போய்ச் செயலாளரைக் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டி வந்தாள். பாதி முகத்தில் சோப்பு நுரை, கையில் ரேசர். அவர் படியேறி வந்து மூச்சு வாங்கியபடி, ரேசரோடு கையைத் தூக்கி, "நிறைவேறியது" என்றார்.

பாஸ்போர்ட்காரர் கெயினை ஏற்றினார். அந்த நேரம் பார்த்து மேகம் விலகியது.

திரை வெளேரென்று பூத்துவிட்டது. சூரியனும் இல்லை, புள்ளியும் இல்லை, வெறும் வெள்ளை. இறக்க வேண்டும். இறக்க மறுபடி ஐந்து கை வேண்டும். அடுத்த மேகம் தயாராகப் பக்கத்திலேயே நின்றது. ஜன்னல் மூடியிருந்தது. மச்சான் போனை வைத்துவிட்டிருந்தான்.

அவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் திரையைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார், கடைசியாகப் பாஸ்போர்ட்காரரின் முகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பாஸ்போர்ட்காரர் திருகைத் தொட்டார். விளிம்பும் அதில் தொங்கிக்கொண்டிருந்த கறுப்பும் திரையில் மெல்ல ஊறி வந்தன. பதிவை அழுத்தினார்.

"ஓடுதா?" என்றார் செயலாளர், திரும்பாமலே.

"ஓடுது சார்."

"ஓடட்டும். நான் இன்னும் மேல வரல." கன்னத்து நுரை வெயிலில் காய்ந்து வெடிக்கும்வரை அவர் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.