ஆட்சேபணை இல்லை

பட்ஜெட் நகலின் கடைசி வரியை எழுதி முடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. 'பொதுமக்கள் ஆட்சேபணை' என்று அச்சடித்திருந்த இடத்துக்கு நேராக, போன வருஷத்துத் தாளைப் பார்த்து 'இல்லை' என்று எழுதியிருந்தேன். ஒற்றுத்தாளையும் வைத்து அழுத்தியாகிவிட்டது. அதற்கப்புறம்தான் யோசனை வந்தது. இந்தத் தாளை இன்னும் ஆபீஸ் வாசலில் ஒட்டவே இல்லையே? ஊரில் ஒரு ஆள்கூடப் பார்க்காத பட்ஜெட்டுக்கு ஆட்சேபணை இல்லை என்று எனக்கு யார் சொன்னது?

பீரோவிலிருந்து பழைய பட்ஜெட் தாள்களின் கட்டை இறக்கிப் பிரித்தேன். அதற்கு முந்தின வருஷமும் இல்லை. அதற்கு முந்தின வருஷமும் இல்லை. எனக்கு முன்னாலிருந்த குமாஸ்தா அந்த 'இல்லை'யை எல்லா வருஷமும் ஒரே சாய்வில், கோலம் போட்டதுபோல எழுதி வைத்திருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, உடம்பில் ஒரு துடிப்பும் வந்தது. கேட்டால் என்ன? தெருத்தெருவாகப் போய் என்ன வேண்டும் என்று கேட்டு எழுதி, ஊரைக் கூட்டி, எல்லார் முன்னாலும் படித்தால் என்ன?

எங்கள் ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் ரோட்டை ஒட்டிக் கிடக்கிறது. பஞ்சாயத்து போர்டு என்றால் ஓர் ஓட்டுக் கட்டடம், இரண்டு பெஞ்சு, ஒரு பீரோ, அப்புறம் நான். திருச்சியில் இண்டர்மீடியட் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. சுதந்திரம் வந்தபின் போடும் இரண்டாவது பட்ஜெட். தினமும் பத்திரிகையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிக்கிறவன் நான். தேசமே மாறிக்கொண்டிருக்கிறது, என் கையிலிருக்கும் தாள் மட்டும் மாறவில்லை என்று அன்றைக்கு நினைத்தேன்.

பிரசிடெண்ட் எனக்கு ஒரு வகையில் மாமா முறை. ரோட்டுக்குத் தெற்கே இருக்கிற கரிசல் பாதி அவருடையது. விஷயத்தைச் சொன்னதும் வெற்றிலையை மென்றபடி என்னையே பார்த்தார்.

"கேக்காத வரைக்கும் நாம கொடுக்கிறது தருமம்பா. கேட்டுட்டுக் கொடுத்தா அது கடன். எதுக்கு வம்பு?"

"சட்டத்துல ஆட்சேபணை கேக்கணும்னு இருக்குங்க, மாமா."

"இருக்கு, இருக்கு. நாமளும் 'இல்ல'ன்னு எழுதிக்கிட்டுத்தான இருக்கோம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி. ஜில்லா போர்டு ஆபீசர் வேற அடுத்த மாசம் கணக்குப் பாக்க வராரு. கூட்டம் போட்டோம்னு காட்டிக்கலாம். நீயே நடத்து" என்றார்.

நான்கு நாள் நடந்தேன். மேலத் தெருவில் ஒவ்வொருவரும் தெருவிளக்கு கேட்டார்கள். விளக்குக் கம்பம் எங்கே என்று கேட்டால், ஒவ்வொருவரும் தன் வாசலைக் காட்டினார்கள். கடைத்தெருவில் துணிக்கடை பாய், "ரோட்டுக்குத் தண்ணி தெளிக்க ஒரு ஆளப் போடுங்க தம்பி. வேட்டிய வெள்ளையா வாங்கியாந்து செவப்பா விக்கிறேன். இன்ஷா அல்லாஹ், ஒங்க காலத்துலயாவது நடக்கட்டும்" என்றார். கடைசியாகச் சேரிக்குப் போனேன்.

அங்கே நான் முதலில் பேசியது ஊருக்குத் தமுக்கு அடிக்கிறவரின் மனைவியிடம். களையெடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். "என்ன வேணும்னு சொல்லுங்க" என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எங்கள 'ங்க' போட்டுக் கேட்டா, பின்னாடி யாரு நிக்கிறான்னு திரும்பிப் பாக்க வேண்டியிருக்கு, சின்னய்யா."

அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். சேரிக்குக் கிணறு கிடையாது. பிரசிடெண்ட் வயல் கிணற்றில் மாடு பூட்டித் தோல்சாலில் கவலை இறைக்கிற மாதங்களில், வாய்க்காலில் ஓடுகிற தண்ணீரைத் தூரத்திலேயே மொண்டுகொள்வார்கள். மாசிக் கடைசியில் இறைப்பு நின்றுவிடும். கிணற்றில் அவர்கள் கயிறு போடக் கூடாது. யாராவது வந்து இறைத்து ஊற்றுகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

"கொடத்த வச்சிக்கிட்டு நின்னா கூலிக்குப் போவ முடியாது. கூலிக்குப் போனா வூட்டுல தண்ணி இல்ல. ஒரு கெணறு வெட்டிக் குடுங்க. வேற ஒண்ணும் எழுதாதீங்க, பேனாவ மூடிருங்க."

எங்கே வெட்டலாம் என்று அவளே காட்டினாள். புளியமரத்துக்கு மேற்கே, புறம்போக்கில். கோடையிலும் அங்கே புல் பச்சையாக இருக்குமாம்.

அன்று ராத்திரியே பட்ஜெட்டைத் திருத்தினேன். ஒவ்வொரு வருஷமும் கல்லங்குறிச்சிப் பெருமாள் தேருக்கு நடந்து போகிறவர்களுக்காக ரோட்டில் மூன்று தண்ணீர்ப்பந்தல் போடுவோம். மூன்றிலும் பிரசிடெண்ட் பேர் எழுதிய துணி தொங்கும். மூன்றை ஒன்றாக்கினேன். அந்தப் பணமும், ஆபீசுக்கு வெள்ளையடிக்க வைத்திருந்ததும் சேர்ந்தால் கிணற்றுக்குச் சரியாக வந்தது. சிமெண்டு பர்மிட்டுக்கு மனுவைக்கூட எழுதி வைத்துவிட்டேன்.

கூட்டத்துக்கு இடத்தையும் நானே முடிவு செய்தேன். பெருமாள் கோயில் முன்மண்டபம். நிழல் இருக்கிறது, நூறு பேர் உட்காரலாம், பேசினால் கடைசி வரைக்கும் கேட்கும். தமுக்குக்காரரைக் கூப்பிட்டு, சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிப் படித்துக் காட்டினேன். ஊர் ஜனங்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்டபத்துக்கு வந்து, பட்ஜெட்டைக் கேட்டுத் தங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லலாம்.

அவர் ஒருதரம் தனக்குள் சொல்லிப் பார்த்தார். "எல்லாருமாங்க, சின்னய்யா?"

"எல்லாரும்தான். ஒங்க தெருவுலயும் அடிங்க."

"மண்டபத்துக்குங்களா?"

"ஆமா, நெழலா இருக்குமில்ல."

தலையை ஆட்டிவிட்டுப் போனார். என் ஏற்பாட்டைப் பார்த்து மனுஷன் அசந்துபோய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன். கோயிலுக்குள் யாரும் போகலாம் என்று சட்டம் வந்துவிட்டதைப் பத்திரிகையில் படித்திருந்தேன். படித்ததோடு அது எங்கள் ஊரிலும் நடந்து முடிந்துவிட்டதாக வைத்துக்கொண்டவன் நான் ஒருவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். நான் ஒவ்வொரு இனமாகப் படித்தேன். விளக்கு, ரோடு, குப்பை வண்டி. தலையை ஆட்டினார்கள். பந்தல் ஒன்று என்று படித்ததும் முனகல் எழுந்தது. சேரிக்குக் கிணறு என்றதும் முனகலும் நின்றுபோனது.

பிரசிடெண்ட் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மிகவும் சாந்தமாக, "கெணறு வேணும்னு கேட்டவங்க எந்திரிச்சு சொல்லட்டும். கேட்டுக்குவோம்" என்றார்.

நான் வாசலைப் பார்த்தேன். ரோட்டுக்கு அந்தப்பக்கம், பூவரச மரத்தடியில், இருபது பேர் போல நின்றிருந்தார்கள். தமுக்குக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். அவர் மனைவி மஞ்சள் பூசிக் குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, முன்னால் நின்றாள். கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"உள்ள வாங்க. வந்து சொல்லுங்க" என்று கத்தினேன்.

ஒருவரும் அசையவில்லை. அப்போதுதான், அவ்வளவு நேரம் கழித்து, எனக்குப் புரிந்தது. மண்டபத்துக்குள்ளிருந்து யாரோ, "தம்பி பேப்பர் நெறைய படிக்குது" என்றார்கள். சிரிப்பு எழுந்து அடங்கியது.

"அப்ப நாம வெளியில போவோம்" என்றேன். "ரோட்டுலயே கூட்டத்த வச்சிப்போம்."

"வெயில்ல பெரியவங்கள நிக்க வைக்கிறதா?" என்றார் பிரசிடெண்ட். "மண்டபம்னு நாங்களாப்பா சொன்னோம்? நீதான சொன்ன?"

அவள் அங்கிருந்தே ஏதோ பேசினாள். கை புளியமரத்துப் பக்கம் போனது. அரியலூர் பஸ் ஒன்று நடுவில் வந்து நின்று, ஆளை இறக்கி, புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனது. ஒரு வார்த்தைகூட உள்ளே வந்து சேரவில்லை.

"தெருவுல நிக்கிறவங்கள்லாம் கூட்டத்துக்கு வந்தவங்கன்னா, அந்த பஸ்ஸுல போறவங்களையும் சேக்கணும்" என்றார் பிரசிடெண்ட். "மினிட்ஸ்ல எழுதிக்க. கெணத்துக்கு ஆதரவா, ஆஜரானவங்க யாரும் பேசல. பந்தல் மூணு."

எழுதினேன். இதைத்தான் சொல்ல வேண்டும். கை நடுங்கியது, பேனா நின்றது என்றெல்லாம் எழுத ஆசையாக இருக்கிறது. ஒன்றும் நிற்கவில்லை. நல்ல கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். 'ஆட்சேபணை' என்ற இடத்துக்கு நேராக 'இல்லை' என்று எழுதி, ஒற்றுத்தாளை வைத்து அழுத்தினேன். மற்ற வருஷங்களில் ஊரைக் கேட்காமல் எழுதிய பொய். இந்த வருஷம் ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு எழுதினது. அதற்கு வழி செய்து கொடுத்தவன் நான்.

கூட்டம் கலைந்ததும் பூவரச மரத்தடிக்குப் போனேன். தமுக்குக்காரர் மட்டும் நின்றார். கொஞ்சம் தள்ளி அவர் மனைவி, எண்ணெய் வழியும் நெற்றியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மண்டபம்னா வர முடியாதுன்னு நீங்க சொல்லியிருக்கலாமில்ல?"

"ரெண்டு தரம் கேட்டேனுங்களே, சின்னய்யா" என்றார். குற்றம் சொல்கிற குரலே இல்லை. "நீங்க படிச்சவங்க. எல்லாம் மாறிப்போச்சாட்டம் இருக்கு, ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். இவகிட்டயும் அப்பிடித்தான் சொன்னேன். காலங்காத்தால குளிச்சிட்டு வந்து நின்னா."

அவள் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "பந்தல் மூணு போடுறாங்களாம்ல. எட்ட நின்னா எங்களுக்கும் கையில ஊத்துவாங்க. கொடத்துல ஊத்துவாங்களான்னு அதையாச்சும் எழுதிக் கேளுங்க."

போன வாரம் கவலை இறைப்பு நின்றுவிட்டது. ஆபீசுக்குப் போகிற வழியில் பார்க்கிறேன். கிணற்றுக்கு எட்டத்தில் குடங்கள் வரிசையாக இருக்கின்றன, பக்கத்தில் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு நாள் நானே இறங்கி இறைத்து ஊற்றினேன். மூன்றாம் நாள், என்னை நிறுத்தச் சொல்லி பிரசிடெண்ட் வீட்டிலிருந்து என் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதைவிட, இறைத்து ஊற்றியபோது என் மனம் கொஞ்சம் லேசானது எனக்கே பிடிக்கவில்லை. அவர்கள் கேட்டது கிணறு.

வருகிற புதன்கிழமை போர்டு கூடுகிறது. எந்த வேலையை எடுப்பதற்கும் முன்னால், முந்தின கூட்டத்து மினிட்ஸைக் குமாஸ்தா படிக்க வேண்டும், மெம்பர்கள் சரி என்று சொல்ல வேண்டும். அதன் கீழே மூன்று வரி திருத்தம் எழுதி வைத்திருக்கிறேன். மண்டபத்துக்கு வெளியே சேரி ஜனங்கள் நின்றார்கள். அவர்கள் உள்ளே வர முடியாத இடத்தைத் தேர்ந்தெடுத்தது குமாஸ்தாவின் தவறு. அவர்கள் கேட்டது கிணறு.

அடித்துவிடச் சொல்வார்கள். சொல்லட்டும். படித்தால்தானே அடிக்க முடியும், அடிக்க வேண்டுமென்றால் அதற்கும் ஒரு தீர்மானம் எழுத வேண்டும். நகல் ஜில்லா போர்டுக்குப் போகும். வேலை போனாலும் போகும்.

அதற்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது. இன்று சாயந்தரம் கூலி முடிந்து அவர்கள் வந்ததும் சேரிக்குப் போகிறேன். அவர்கள் பேரில் நான் எழுதிய மூன்று வரியை அவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். எழுதலாமா என்று கேட்க வேண்டும். ஊர்க் கூட்டத்தை மறுபடி போட வேண்டுமென்றால், எந்த இடத்தில் போட்டால் அவர்களால் வர முடியும் என்றும் கேட்க வேண்டும். இந்தத் தடவை இடத்தை அவர்கள் சொல்லட்டும்.