சத்தம் கேட்டால் அது வந்துவிடும்

வீடியோ கேம்களை வெளியிடுவதற்கு முன் விளையாடிப் பார்த்துக் கோளாறு சொல்வது என் தொழில். அதாவது, சம்பளத்துக்குச் சாவது. மேலிடத்துக்குப் பயந்து ஒளிந்தே காலம் தள்ளும் உங்களுக்கு இது புரியும்.

ஒன்றரை வருஷமாக ஒரே கேம். பாழடைந்த பங்களா, அதற்குள் ஒரு மிருகம். நமக்கு ஆயுதம் கிடையாது, ஒளியத்தான் முடியும். நம் அறையில் சத்தம் வந்தால்கூட மைக் வழியே அதற்குக் கேட்டுவிடும்.

சாம்பிள் வெடி

என் வீடு விஸ்வநத்தத்தில். மத்தியானமானால் சுற்றிலும் பட்டாசுக் கம்பெனிகளில் சாம்பிள் வெடி போட்டுப் பார்ப்பார்கள். ஒவ்வொரு வெடிக்கும் மிருகம் பாய்ந்து வந்து என்னைக் கடித்தது. இதை வேலைக்கே ஆகாத கோளாறு என்று எழுதி அனுப்பினேன். பெங்களூரிலிருந்து டீம் லீடர் கூப்பிட்டார்.

"கேம்ல தப்பு இல்ல ப்ரோ. நீங்க ஊரை மாத்த முடியுமா?"

மாப்பிள்ளை பார்க்க வந்தவர்

காரியாபட்டியிலிருந்து பெண்ணின் அப்பா வந்தார். வேலையைக் காட்டச் சொன்னார், காட்டினேன். கட்டிலுக்கடியில் நான் ஒளிந்து கிடந்ததைக் கால் மணி நேரம் பொறுமையாகப் பார்த்தார். "இத எப்பக் கொல்லுவீக?" என்றார். கொல்லவே முடியாது என்றேன். காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"எம்புள்ளைக்கு எதுத்து நிக்கிற ஆளாப் பாத்துக்கிடுதேன், தப்பா நெனைக்காதீக."

அக்கா சொன்ன இடம்

அக்காவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. லைசென்சில் உள்ளதைவிடக் கூடுதலாக ஆள் வைத்திருக்கும் கம்பெனி அது. ஆபீசர் சோதனைக்கு வந்தால், அக்காவும் இன்னும் நாலு பெண்களும் பின்பக்க வேலிக்கருவைப் புதருக்குள் போய்க் கிடக்க வேண்டும். ஒருநாள் நான் விளையாடுவதைப் பார்த்துவிட்டு, "அலமாரிக்குள்ள ஒளியாதலே, வாரவுக மொதல்ல அதத்தான் தெறப்பாக. செடிக்குள்ள குப்புறப் படு" என்றாள். பங்களாத் தோட்டத்துச் செடிக்குள் படுத்தேன். மிருகம் தாண்டிப் போய்விட்டது.

ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாகப் பிழைத்தேன். பிழைத்ததையும் கோளாறு என்றுதானே எழுத வேண்டும், எழுதினேன். அடுத்த வாரம் மிருகம் செடிக்குள்ளும் தேட ஆரம்பித்தது. அக்கா என்னையே பார்த்தாள்.

"இருந்த ஒரு எடத்தையும் காட்டிக் குடுத்திட்டியாலே?"

பதிவு

பிறகு ஒருநாள் வந்தது சாம்பிள் வெடி இல்லை. ஜன்னல் கண்ணாடி உடைந்து மடியில் விழுந்தது. மைக்கைக்கூட அணைக்காமல் அக்காவின் கம்பெனிக்கு ஓடினேன். கேட்டுக்கு வெளியே, செருப்பில்லாத காலோடு, புகையைப் பார்த்தபடி நின்றாள். கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை, காது அடைத்துப் போயிருந்தது. சோதனை வந்தால் செடிக்குள் அவள் பக்கத்தில் கிடக்கும் நாலு பேரில் இரண்டு பேர் கம்பெனிக்குள்ளிருந்து வெளியே வரவே இல்லை.

வேலையைப் பாதியில் விட்டதற்கு மறுநாள் காரணம் கேட்டார் டீம் லீடர். சொன்னேன்.

"அக்கா நல்லாருக்காங்கல்ல? சரி ப்ரோ, மைக்ல அந்தச் சத்தம் பதிவாகியிருக்கும், வெட்டி அனுப்புங்களேன். கடைசி சீனுக்கு இந்த மாதிரி ஒண்ணத்தான் தேடிக்கிட்டிருந்தோம்."

பதிவை அழித்துவிட்டேன், ஆனாலும் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், நீங்களாக இருந்தாலும் அதைத்தானே செய்திருப்பீர்கள்?