முருகேசன் பாக்கி வைத்த முழுக்கு

படிப்பு ஐந்தாம் வகுப்பு. உத்தமபாளையத்திலிருந்து குவைத்துக்கு வந்து, ஆஸ்பத்திரித் தரை துடைத்து, இன்று நாற்பது பேரை வேலை வாங்கும் சூப்பர்வைசர் நான். மூன்று பெண்களைக் கட்டிக் கொடுத்தேன். ஊரில் மாடி வீடு கட்டினேன். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பதினோரு பேருக்கு விசா எடுத்துக் கொடுத்தது இந்தக் கை. கொரோனாக் காலத்தில் என் ஆட்கள் துடைக்காமல் ஒரு கட்டிலும் கிடந்ததில்லை. இத்தனையும் செய்த நான் பயப்படுவது ஒரு தாளுக்கு. இங்கே மனசுக்கு மார்க் கேட்கிறார்கள். ஞாயிறு காலையில் ஆஸ்பத்திரி மனநல ஆலோசகரான ஒரு லெபனான் நாட்டுப் பெண் வந்து தாள் நீட்டுவார். பூஜ்யம் முதல் பத்து வரை வட்டங்கள். இன்று உன் மனசு எத்தனை? நம் ஊரில் இப்படி யாராவது கேட்டால் அவரைத்தான் சந்தேகமாகப் பார்ப்போம்.

அந்தத் தாள் முதலில் வந்தது, சாவு மும்முரமாக இருந்த நாட்களில். நம் ஊர்ப் பையன்களை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னேன்: "ஏலே, எல்லாரும் பத்துலயே வட்டம் போடுங்க. கொறைஞ்சா கிறுக்குன்னு ஊருக்கு அனுப்பிருவாக." போட்டார்கள். "எல்லோருமே பத்தா?" என்று அந்தப் பெண் வியந்தார். "ஆல் ஸ்ட்ராங், மேடம்" என்றேன். அவர் கை தட்டினார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

முருகேசன் மார்க்கையன்கோட்டைக்காரன். என்னை மாமா என்பான். இறந்தவர் உடலைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடுவது அவன் வேலை. சாவைத் தொட்டவன் தலை முழுகாமல் அடுத்த காரியம் பார்க்கக் கூடாது என்று வளர்ந்தவன், முதல் நாள் ஒவ்வொரு உடலுக்குப் பிறகும் ஓடிப்போய்க் குளித்தான். கவச உடையைக் கழற்றி மாட்ட அரைமணி நேரம் ஆகும். அடுத்த நோயாளியோ கட்டில் காலியாகாமல் வராந்தாவில் மூச்சுக்குத் தவிக்கிறார். "ஷிப்டு முடிஞ்சு எல்லாத்துக்கும் சேத்து ஒரு முழுக்கு போட்டுக்கலே" என்று அதட்டினேன். அடங்கினான். நோய் ஓய்ந்த பிறகுதான் ராப்பகலாகக் குளிக்க ஆரம்பித்தான். தோல் உரிந்தது. வெயில் என்று நானே எல்லோருக்கும் சொன்னேன். தாளில் மட்டும் பத்து. கடைசியில் குளியலறையை விட்டு வெளியே வர மறுத்தான். ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

போன ஆனியில் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தேன். முதல் போகத்துக்குப் பெரியாறு அணை திறந்திருந்த நேரம். முருகேசன் பெண்சாதி செல்வி போன் போட்டாள். "அண்ணே, அவுக ஆத்துக்குள்ளயே நிக்கிறாக. யாரு கூப்பிட்டும் வரமாட்டேங்கிறாக." ஓடினேன். முல்லையாறு செம்மண் நிறத்தில் புரண்டது. நெஞ்சளவு தண்ணீரில் அவன் நின்றான். ஒரு வாழை மரம் வேரோடு அவனை உரசிப் போனது.

"வாங்க மாமா, எப்ப வந்தீக?" என்றான், டீக்கடையில் பார்த்தவன் மாதிரி.

"கரைக்கு வாலே. தண்ணி ஏறுது."

"இன்னும் பதினேழு பாக்கி இருக்கு."

"என்னலே பதினேழு?"

"முழுக்குத்தான். ஒரு பொணத்துக்கு ஒண்ணு. அங்கன தண்ணிக்கு டைம் வச்சீக. இங்கன ஆத்துக்குமா?"

தண்ணீர் அவன் தோளுக்கு வந்துவிட்டது. அதட்டினேன், சத்தியம் கேட்டேன், விசா வாங்கித் தந்ததைச் சொன்னேன். ஒன்றும் பலிக்கவில்லை. எனக்கு நீச்சல் தெரியாது. செல்வி என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அப்போதுதான், பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொல்லாதது என் வாயிலிருந்து வந்தது.

"எனக்கும் பயமா இருக்குலே. ஜிப்புச் சத்தம் கேட்டா காதப் பொத்திக்கிறேன். சூட்கேசுக்கு ஜிப் இருக்குன்னு அட்டப்பெட்டியில கயித்தக் கட்டிக் கொண்டாந்தேன்."

அவன் திரும்பினான். "கஞ்சத்தனம்னுல்ல ஊரே சிரிச்சுச்சு?"

"சிரிக்கட்டும்."

"அப்ப நீங்களும் பத்துதான போட்டீக?"

"பொய்லே. நான் போட்டதும் பொய், ஒன்னையப் போடச் சொன்னதும் பொய்."

என்னையே வெறித்துப் பார்த்தபடி ஒரு அடி வைத்தான். பிறகு இன்னொன்று. கை எட்டியதும் செல்வியும் நானும் பிடித்து இழுத்தோம். மறுநாள் தேனியில் மனநல டாக்டரிடம் கூட்டிப் போனோம். மாத்திரை சாப்பிடுகிறான். குளியல் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

குவைத் திரும்பியதும் அந்த லெபனான் பெண்ணிடம் உள்ளதைச் சொன்னேன். "உங்கள் தப்பு இல்லை" என்று ஆறுதல் சொன்னார். நான் ஆறுதலுக்கு வரவில்லை என்பது அவருக்குப் புரியவில்லை. இப்போது தினமும் காலையில் அனல் காற்றில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டு, பெரியாறு அணையில் எத்தனை கனஅடி திறந்தார்கள் என்று போனில் பார்க்கிறேன். கூடியிருந்தால் செல்வியைக் கூப்பிடுவேன். "வீட்லதான் இருக்காக அண்ணே" என்று கேட்ட பிறகே வார்டுக்குள் கால் வைப்பேன்.

ஆஸ்பத்திரி வாசலில் கொரோனாக் காலச் சேவைக்கென்று ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். டாக்டர்கள், நர்சுகள் பெயர்கள் இருக்கின்றன. துடைத்தவன் பெயர் ஒன்றுகூட இல்லை. நிர்வாகத்தாரே, என் ஆட்கள் பெயரோடு என் பெயரையும் அதில் எழுதுங்கள். அந்த வேலையை நடத்தியவன் நான். முருகேசனை ஊருக்கு அனுப்பிய ஃபைலிலும் என் பெயரை எழுதுங்கள்; அவனைப் பேசவிடாமல் செய்தவனும் நான்தான். இரண்டும் நான் செய்தவை. ஒன்றை மட்டும் எழுதினால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.