அமலியின் கல்லறை விளக்கு

பின்லாந்தின் வடக்கே நாங்கள் இருக்கும் இந்தச் சிறு நகரத்தில், நவம்பர் பிறந்துவிட்டால் மதியம் மூன்றரைக்கே தெருவிளக்கு எரிகிறது. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளின் கோட்டில் ஒளிரும் பட்டை தொங்குகிறது. கார் ஓட்டுகிறவர்களுக்கு அவர்கள் தெரிய வேண்டுமாம். வந்து ஆறு வருடமாகியும், சாப்பிட்ட கை காய்வதற்குள் பொழுது சாய்வது எனக்குப் பழகவில்லை.

எங்கள் மகள் அமலி இங்கேதான் பிறந்தாள். எட்டாம் மாதத்திலேயே, மூச்சில்லாமல். அடக்கம் செய்த பிறகு ஒரு வருடம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஜெபமாலையையும் தொடவில்லை.

கல்லறைத் திருநாள் அன்று, அரியலூருக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரிலிருந்து அம்மா போன் செய்தார்.

"அப்பா கல்லறைக்குப் போயிட்டு இப்பத்தான் வந்தேன். பாப்பாவுக்கு மெழுகுவத்தி ஏத்துனியாம்மா?"

"இல்லம்மா. ஆண்டவர் கூட இருந்திருந்தா அவ மூச்சு விட்டிருப்பா."

 அம்மா, "அவர்மேல கோவம்னா கோவத்தோடயே போ. புள்ளைய இருட்டுல வுட்டுடாத" என்றார்.

இங்கும் அதே வாரத்தில்தான் கல்லறைகளுக்கு விளக்கேற்றுகிறார்கள். சனிக்கிழமை நானும் கணவர் சேவியரும் போனோம். நான் கொண்டுபோன மெழுகுவர்த்தி காற்றில் அணைந்துகொண்டே இருந்தது. பக்கத்துக் கல்லறையில் நின்ற பெண் எங்களைப் பார்த்து, "ஏய், ஏய்" என்று தலையாட்டினாள். பின்னிஷ் மொழியில் அதற்கு 'இல்லை' என்றும் 'கூடாது' என்றும் அர்த்தம் உண்டு. நாங்கள் கத்தோலிக்கர்கள், அவர்கள் சபை இல்லையே, அதனால்தான் தடுக்கிறாள் என்று நினைத்தேன். அவமானத்தில் சேவியரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன்.

அவள் பனியில் பின்னாலேயே ஓடிவந்தாள். மூடி போட்ட கண்ணாடி விளக்கு ஒன்றை என் கையில் திணித்து, வாயால் ஊதிக் காட்டினாள். காற்றுக்கு உங்கள் மெழுகுவர்த்தி தாங்காது என்றுதான் சொல்லியிருக்கிறாள். எங்களோடு திரும்பி வந்தவள், கல்லில் ஒரே ஒரு தேதி இருப்பதைப் பார்த்து அப்படியே மண்டியிட்டாள். தன் தம்பியின் கல்லறையில் எரிந்த சுடரிலிருந்து எங்கள் விளக்கை ஏற்றித் தந்தாள். அவள் பெயர் மர்யா. அமலி பிறந்தபோது ஆண்டவர் எங்கே இருந்தார் என்ற கேள்விக்கு அன்றும் பதில் கிடைக்கவில்லை. ஆனால் அந்தச் சின்ன வெளிச்சத்தில் ஆண்டவரும் எங்களோடு மண்டியிட்டிருந்தார் என்றே நம்புகிறேன். ஒரு வருடத்துக்குப் பிறகு வாய்விட்டு அழுதேன்.

போன நவம்பரில் ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவின் கல்லறையில் அம்மா சாமந்தி தூவிக்கொண்டிருந்தபோது மர்யாவிடமிருந்து ஒரு படம் வந்தது. பாதி பனி மூடிய அமலியின் கல். அதன்முன் ஒரு விளக்கு. அம்மா போனை வாங்கி முத்தமிட்டு, அப்பாவின் மெழுகுவர்த்திகளுக்கு நடுவே சாய்த்து வைத்தார். செம்மண்ணில் உட்கார்ந்து, போன் திரை அணைய அணைய விரலால் தொட்டு எரியவைத்துக்கொண்டிருந்தேன்.