எந்தப் பத்திரத்தை மூடட்டும்?

பத்திரம் அடித்துக் கொடுக்கிற தொழிலில் கை தவறினால் கெடுவது காகிதம் இல்லை, அடுத்தவர் நிலம். பூதலூரில் பத்திர எழுத்தர்கள் கையால் எழுதித் தருவதைக் கணினியில் அடித்துத் தருவது என் பிழைப்பு. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். இதைப் படிக்கிற நீங்களும் என்றாவது திரையில் ஒரு ஜன்னலை மூடிவிட்டு, "அது இல்லையே" என்று தலையில் கை வைத்திருப்பீர்கள். அதனால் உங்களிடம் வெட்கப்படாமல் சொல்கிறேன்.

இரண்டு பெருக்கல் குறி

என்னிடம் இருக்கிற பழைய மென்பொருளில் ஒரு பெரிய ஜன்னலுக்குள்தான் எல்லாப் பத்திரமும் திறக்கும். வலது மூலையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு பெருக்கல் குறி. கீழே இருப்பது கையில் உள்ள பத்திரத்தை மட்டும் மூடும். மேலே இருப்பது திறந்திருக்கிற எல்லாவற்றையும் சேர்த்துக் கடையையே மூடிவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை கோவிந்தராசு வயல் கிரையப் பத்திரத்தோடு வந்தார். ராகு காலம் ஆரம்பித்திருந்தது. "அடிங்கண்ணே, ஆனா பன்னண்டு மணி வரைக்கும் என் பேருல சேமிச்சுடாதீங்க" என்றார். இப்படிக் கேட்கிறவர்கள் இங்கே உண்டு, நானும் தலையாட்டுவேன். பேர் வைக்காததைக் கணினி 'ஆவணம் 1' என்று போட்டுக்கொள்ளும். அதை அடித்து முடித்தபோது, அரிசிக்கடை வைத்திருந்த காதர் பாய் வந்தார். அடுத்த புதன்கிழமை தஞ்சாவூரில் அவருக்கு இருதய ஆபரேஷன். அதற்கு முன்னால், திங்கட்கிழமையே, இருக்கிற ஒரே வீட்டை மகள் சபீனாவுக்கு எழுதிப் பதிந்துவிட வேண்டும். அவருடையது 'ஆவணம் 2'.

கூடவே ஒரு கல்யாணப் பத்திரிகையும் திறந்து கிடந்தது. அதை மூடப் போய் மேல் குறியை அழுத்திவிட்டேன். "மாற்றங்களைச் சேமிக்கவா?" என்று ஒரு பெட்டி வந்தது. யாருடைய மாற்றம் என்று சொல்லவில்லை. பத்திரிகையைத்தான் கேட்கிறது என்று 'வேண்டாம்' கொடுத்தேன். போனது கோவிந்தராசின் வயல். அடுத்த பெட்டி வந்ததும் விழித்துக்கொண்டு 'ரத்து' கொடுத்தேன். கோவிந்தராசு திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பேரு வைக்க வேண்டாம்னுதாண்ணே சொன்னேன். ஆளையே அழிக்கச் சொல்லலையே."

பாய் தெருவில் வாய்க்கால்

கோவிந்தராசுக்கு மறுபடி முதலிலிருந்து. காதர் பாய்க்கோ ஜும்மாவுக்கு நேரமாகிறது. இதில் நாலு வரி, அதில் நாலு வரி என்று மாற்றி மாற்றி அடித்தேன். இரண்டும் ஒரே வெள்ளை, ஒரே எழுத்து. பாயின் பத்திரத்தில் நான்கு எல்லை எழுதும் இடத்தை, மூலப்பத்திரம் வரட்டும் என்று காலியாக விட்டிருந்தேன்.

சனிக்கிழமை சபீனா நகலை வாய்விட்டு வாசித்தது. வீட்டுக்கு வடக்கே பாசன வாய்க்கால், கிழக்கே வரப்பு என்று வந்ததும் நிறுத்திவிட்டு அப்பா முகத்தைப் பார்த்தது. கோவிந்தராசின் எல்லைகளை இவர் வீட்டுக்குப் போட்டிருக்கிறேன்.

பதிந்த பத்திரத்தில் பிழை இருந்தால், எழுதிக் கொடுத்தவரே திரும்ப வந்து திருத்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். புதன்கிழமைக்குப் பிறகு அவர் வருவாரா என்பது அங்கே இருந்த மூன்று பேரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. பாய்தான் முதலில் சிரித்தார்.

"குழாயிலயே தண்ணி வராத தெரு. நீங்க வாய்க்காலே வெட்டி விட்டுட்டீங்களேண்ணே."

மூன்று தடவை பேர்

திருத்தி, சபீனாவை இரண்டு தடவை வாசிக்க வைத்து, திங்கட்கிழமை பதிவு முடிந்தது. புதன்கிழமை எனக்கு வேலை ஓடவில்லை. மென்பொருள் எழுதுகிறவர்கள் ஒருநாள் என் நாற்காலியில் உட்கார வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றை மூடினால் அதுமட்டும் மூடட்டும். மூடும் முன் பேரைச் சொல்லிக் கேட்கட்டும். பேர் இல்லாவிட்டால் முதல் வரியையாவது காட்டட்டும். பக்கத்துப் பத்திரத்துக்கு மாறும்போது, ஆள் மாறியது கண்ணுக்குத் தெரியட்டும். தெரியாமல் மூடியதை ஒரு நாளாவது எடுத்து வைத்திருக்கட்டும்.

இரண்டு மாதம் கழித்து பாய் மெல்ல நடந்து கடைக்கு வந்தார். பத்திரத்துக்கு நகல் எடுக்க வேண்டுமாம். நான் ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேட்டேன். அவர் என் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மயக்க ஊசி போடறதுக்கு முன்னாடி மூணு தடவை என் பேரைக் கேட்டாங்கண்ணே. கையில பட்டையில எழுதியே இருக்கு, அப்பவும் கேட்டாங்க. எனக்கு உங்க பொட்டி ஞாபகம்தான் வந்துச்சு."

கணினி கேட்கிற வழியைக் காணோம் என்பதால், இப்போதெல்லாம் எந்த ஜன்னலை மூடினாலும் நானே "நீ யாரு?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டுத்தான் மூடுகிறேன், வாசலில் நிற்பவர்கள் அண்ணனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்கிறார்கள், பத்திரத்தை மட்டும் என்னிடமே கொண்டுவருகிறார்கள்.